பனி நாட்டுக்குப் புறப்படுகிறவர்களுக்கு: வாசலில் உப்பை அளந்து போடும் முறை

மலேசியாவில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து கனடாவுக்குப் படிக்கவும் வேலை செய்யவும் புறப்படும் பிள்ளைகள், போவதற்கு முன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் உடுப்பைப் பற்றியவையாகவே இருக்கின்றன. குளிர்ச்சட்டையை ஈப்போவிலேயே வாங்கிக்கொள்ளலாமா, உள்ளே எத்தனை அடுக்கு போட வேண்டும், காது உறைந்து விழுந்துவிடும் என்பது உண்மையா என்றெல்லாம் கேட்கிறார்கள். உப்பைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் அங்கே இறங்கிய முதல் டிசம்பரிலேயே, வாடகை வீட்டின் வாசற்படியில் 20 கிலோ உப்புச் சாக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இதில் எவ்வளவைக் கொட்டுவது என்று அவர்கள் விழிக்கத்தான் போகிறார்கள். நான் டொரோண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பராமரிப்பாளனாக 11 குளிர்காலங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், அந்தச் சாக்கைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு ஓரளவு உண்டு. அதைத் தப்பாகக் கையாண்டவன் என்பதால் இன்னும் கூடுதலாகவே உண்டு.

முதல் குளிர்காலத்தில், குடியிருந்த பெரியவர் ஒருவர் வாசலில் சறுக்கி விழுந்ததைப் பார்த்த பயத்தில், மறுநாள் விடியற்காலை ஒரு சாக்கு முழுவதையும் பிரித்து, செம்பனை மரத்தைச் சுற்றி உரம் வீசுவது போல அள்ளி அள்ளி வீசினேன். காலடியில் உப்பு நெறுநெறுத்தது; எனக்கோ மனம் நிறைந்துவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அதே கை, அதே வீச்சு. ஏப்ரலில் பனி விலகியபோது நடைபாதையின் இரு ஓரங்களிலும் இரண்டடி அகலத்துக்குப் புல் கருகிக் கிடந்தது. நடைபாதையை ஒட்டி வளர்ந்த சீடார் வேலியின் ஒரு பக்கம் பச்சையாகவும், பாதையைப் பார்த்த பக்கம் மட்டும் துருப்பிடித்த தகரத்தின் நிறத்திலும் நின்றது. அந்த வேலியைப் பிடுங்கிப் போட்டதும் நான்தான்.

புறப்படும் முன், நம் வீட்டு அடுப்படியில்

பனி நம் அனுபவத்தில் இல்லாத பொருள். மலேசியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில் பதிவான 7.8 டிகிரிதான் என்னும்போது, மைனஸ் 7 டிகிரிக்கும் மைனஸ் 17 டிகிரிக்கும் உள்ள வேறுபாடு நமக்கு வெறும் எண்ணாகத்தான் தெரியும். ஆயினும் உப்பின் வேலையை இங்கிருந்தபடியே கண்ணால் பார்த்துவிடலாம்.

இரண்டு ஐஸ் கட்டிகளை இரண்டு தட்டுகளில் வைத்து, ஒன்றின்மேல் மட்டும் கல் உப்பு நாலைந்து பரல்களை இடைவெளி விட்டு வையுங்கள். சிறிது நேரத்தில் ஒவ்வொரு பரலும் தனக்குக் கீழே ஊசியால் குத்தியது போலக் குழி தோண்டிக்கொண்டு இறங்குவதைக் காணலாம். சாலையிலும் வாசலிலும் நடப்பது இதுவே. பரல் ஐஸைத் துளைத்துக்கொண்டு தரையை எட்டியதும், அதனால் உண்டான உப்புநீர் ஐஸுக்கும் தரைக்கும் நடுவே பக்கவாட்டில் பரவி, ஐஸ் தரையைக் கவ்விக்கொண்டிருக்கும் பிடியை விடுவிக்கிறது. உப்பின் வேலை அவ்வளவுதான். பிடி விட்ட ஐஸை அப்புறப்படுத்த வேண்டியது கையிலிருக்கும் மண்வாரி. பனி முழுவதும் தண்ணீராகி ஓடும்வரை உப்பைக் கொட்டுவேன் என்று நிற்பவர், கதவின் தாழ்ப்பாளைத் திறப்பதற்குப் பதிலாகக் கதவையே எரிக்கப் பார்க்கிறார்.

அடுத்து, இன்னொரு ஐஸ் கட்டியைக் குளிர்பெட்டியின் உறைபெட்டியிலிருந்து வெளியே எடுக்காமல், அங்கேயே அதன்மேல் உப்பைத் தூவி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். வீட்டு உறைபெட்டி சுமார் மைனஸ் 18 டிகிரியில் இருப்பது. அந்தக் குளிரில் உப்பு அநேகமாகச் சும்மாவே கிடக்கும். 23.3 விழுக்காடு உப்புக் கரைந்த நீர் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது என்பது ஆய்வுக்கூடத்தில் உண்மை என்றாலும், வாசலில் தூவிய சாதாரண உப்பு, தரையின் வெப்பநிலை சுமார் மைனஸ் 9 அல்லது 10 டிகிரிக்குக் கீழே போய்விட்டால், நமக்குப் பயன்படும் வேகத்தில் கரைவதில்லை. தரை மைனஸ் 1 டிகிரியில் இருக்கும்போது 1 கிலோ உப்பு ஏறத்தாழ 46 கிலோ ஐஸைக் கரைக்கும். மைனஸ் 7 டிகிரியில் அதே 1 கிலோவால் 9 கிலோவைக்கூட முழுதாகக் கரைக்க இயலாது. குளிர் ஏற ஏற உப்பைக் கூட்ட வேண்டும் என்று நம் புத்தி சொல்லும். குளிர் ஏற ஏற உப்பை விட்டுவிட்டு வேறு வழிக்குப் போக வேண்டும் என்பதே சரியான கணக்கு.

போட்ட உப்பு எங்கே போகிறது

ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போன நம் பாட்டிமார் காலில் அட்டை ஏறினால் என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சிட்டிகை உப்பு வைத்தால் போதும், அட்டை சுருண்டு, உடம்பிலுள்ள நீரெல்லாம் கக்கிக்கொண்டு உதிர்ந்துவிடும். ஓடையில் வாழும் புழுவுக்கும், தவளைக் குஞ்சுக்கும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்தும் நீர்ப்பூச்சிக்கும் தோல் அதே போல மெல்லியது. அந்த நீர்ப்பூச்சிகள்தாம் பாசியைத் தின்று குளத்தைத் தெளிவாக வைத்திருப்பவை. அவை குறைந்தால் பாசி பெருகும்.

வாசலில் கரைந்த உப்பு தெருவோர வடிகாலில் இறங்குகிறது. நம் ஊர் லோங்காங் (சாக்கடை) தண்ணீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றைப் போய்ச் சேர்வது போலவே, ஸ்கார்பரோவின் மழைநீர் வடிகால்களும் ஹைலேண்ட் ஓடை, ரூஜ் ஆறு போன்றவற்றில் நேரே கலந்து, ஒன்டாரியோ ஏரிக்குப் போகின்றன. உப்பிலுள்ள குளோரைடு மக்குவதும் இல்லை, ஆவியாவதும் இல்லை, வழக்கமான நீர்ச் சுத்திகரிப்பில் நிற்பதும் இல்லை. பெரும் செலவில் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டினால்தான் பிரியும். ஸ்கார்பரோவுக்குக் கிழக்கே, தமிழர்கள் நிறைந்த பிக்கரிங் நகரில் பிரெஞ்ச்மன்ஸ் பே என்றொரு சிறிய விரிகுடா உண்டு. அதற்கு வடக்கே ஓடும் 401 நெடுஞ்சாலையில் கொட்டிய உப்பும், சுற்றியுள்ள தெருக்களின் உப்பும் அதில்தான் வடிகின்றன. உப்புநீர் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும். பருவந்தோறும் மேல்நீரும் அடிநீரும் கலந்து ஆழத்துக்கு உயிர்க்காற்றைக் கொண்டுபோகும் இயல்பான சுழற்சி, உப்பேறிய நீர்நிலைகளில் தடைப்படுவதுண்டு.

ஒரு சாக்கு உப்பு என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கனடாவில் நன்னீர் உயிர்களை நெடுங்காலப் பாதிப்பிலிருந்து காப்பதற்காக 2011இல் வகுத்த வழிகாட்டு அளவு, லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு. அமெரிக்காவில் 1988இலிருந்து அது 230 மில்லிகிராம். சாதாரண உப்பின் எடையில் சுமார் 60 விழுக்காடு குளோரைடு. ஆகவே ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது சுமார் 6 கிராம், 30 லிட்டர் தூய நீரைக் கனடாவின் அந்த வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். அன்று நான் வீசிய 20 கிலோ சாக்கு ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் நீருக்குப் போதுமானது. கனடா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் சாலை உப்பு போடப்படுகிறது என்று அந்நாட்டு அரசின் மதிப்பீடு சொன்னது. அந்த மதிப்பீடு 2001இல் சாலை உப்பைச் சுற்றுச்சூழலுக்கு நச்சு என்றே அறிவித்தது. 2004இல் அதைக் கையாள்வதற்கான நடைமுறை விதிகளும் வந்தன. தடை வரவில்லை, வரவும் முடியாது. உப்பே இல்லாத சாலையில் ஆம்புலன்ஸ் போக வேண்டுமே.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும் என்பார்கள். ஆற்றுக்கு அந்த வசதி இல்லை. கிணற்றுநீரை நம்பியிருக்கும் சிற்றூர்களில் அது மனிதர்களையும் தொடுகிறது: ஒன்டாரியோவில் குடிநீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால், உப்பைக் குறைத்து உண்ண வேண்டிய நோயாளிகளின் பொருட்டு வட்டாரச் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். சிமெண்டையும் இரும்பையும் உப்பு அரிப்பது தனிக்கதை. எலியட் லேக் என்னும் ஊரில் ஓர் அங்காடிக் கட்டடத்தின் கூரைமேல் கார் நிறுத்துமிடம் இருந்தது. ஆண்டுக்கணக்காக ஒழுகிய நீரும் கார்களோடு வந்த சாலை உப்பும் எஃகு இணைப்பை அரித்துத் தின்றதில், 2012 ஜூன் 23 அன்று அந்தக் கூரை இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள்.

இங்கே நம் ஆள்களுக்கு ஒரு சந்தேகம் வரும். தென்னங்கன்று வைக்கும் குழியில் நாமே உப்புப் போடுகிறோமே, செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்திலும் குளோரைடுதானே இருக்கிறது என்று ஒரு தம்பி என்னை மடக்கினான். உண்மைதான். தென்னையும் செம்பனையும் குளோரைடை விரும்பும் மரங்கள். மேப்பிளும் சீடாரும் அப்படி அல்ல. அங்குள்ள மரத்தை நம் மரமாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நவம்பரில் செய்து முடிக்க வேண்டியவை

முதல் பனி விழுவதற்கு முன் செய்யும் வேலைகளே உப்பைப் பாதியாகக் குறைக்கின்றன என்பது என் அனுபவம். ஆனால் புதிதாக வந்தவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

காலணியிலிருந்து தொடங்குங்கள். நாம் உப்பை அள்ளி வீசுவது விழுந்துவிடுவோம் என்ற பயத்தால். ஆழமான பள்ளங்கள் கொண்ட மென்மையான ரப்பர் அடித்தோல் உள்ள பூட்ஸும், அதன்மேல் மாட்டிக்கொள்ளும் சிறு இரும்பு முள் வளையமும் இருந்தால் அந்தப் பயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நடையையும் மாற்ற வேண்டும்: பாதங்களைச் சற்று வெளிப்புறம் திருப்பி, அடியைச் சிறிதாக வைத்து, உடம்பின் பாரத்தை முன்காலின் மேல் நிறுத்தி, வாத்தைப் போல நடக்கப் பழகுங்கள். கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு நடக்காதீர்கள்.

கார் வாங்கினால் குளிர்கால டயர் போடுங்கள். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயர் விறைத்துப் பிடிப்பை இழந்துவிடும். குளிர்கால டயர் அப்போதும் மென்மையாகவே இருக்கும். அதில் இயற்கை ரப்பரின் பங்கு பொதுவாகக் கூடுதல் என்பது, பால்மரக் காட்டில் வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பெருமை. கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது கட்டாயம்.

மூன்றாவது வேலை, வீட்டைச் சுற்றி வந்து தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது. என் கட்டடத்தில் ஒவ்வொரு காலையும் ஒரே இடத்தில், பக்கவாசலுக்கு எதிரில், கண்ணாடி போல ஐஸ் படியும். இரண்டு குளிர்காலம் அங்கே உப்பைக் கொட்டித் தீர்த்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன்: கூரைநீர் இறங்கும் குழாயின் வாய் நேரே நடைபாதையைப் பார்த்திருந்தது. பகலில் வெயில் பட்டு உருகிய கூரைப்பனி அந்தக் குழாய் வழியாகப் பாதையில் வழிந்து, இரவில் உறைந்துகொண்டிருந்தது. நாலடி நீளக் குழாய் ஒன்றை மாட்டி வாயைப் புல்வெளிப் பக்கம் திருப்பினேன். அந்த இடத்தில் அதன்பின் உப்புப் போட வேண்டிய தேவையே அநேகமாக வரவில்லை. குழி விழுந்து நீர் தேங்கும் சிமெண்டுத் தரையையும் இதே கணக்கில் சேர்த்துக்கொண்டு, குளிருக்கு முன் பூசிவிடுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். அகலமான பனி மண்வாரி ஒன்று, ஒட்டிய ஐஸைச் சுரண்டத் தட்டையான இரும்பு அலகுள்ள சுரண்டி ஒன்று, விறைப்பான துடைப்பம் ஒன்று, ஒரு வாளி நிறையக் கரடுமுரடான மணல். நம் ஊர்ச் சங்கூலை (மண்வெட்டியை) கொண்டு ஐஸைக் கொத்தலாம் என்று நினைக்காதீர்கள். ஐஸோடு சிமெண்டும் பெயர்ந்து வரும். இவற்றோடு, உப்பு அளக்க ஒரு கெட்டிப் பால் டின்.

அந்த டின்தான் இந்தக் கட்டுரையின் முக்கியமான கருவி. வட அமெரிக்காவில் உப்பைக் குறைக்கச் சொல்லும் அமைப்புகள், 12 அவுன்ஸ் காப்பிக் கோப்பை அளவு, அதாவது சுமார் 350 மில்லிலிட்டர் உப்பு, 500 சதுர அடிக்கு அல்லது நடைபாதைச் சிமெண்டுக் கட்டங்கள் 10க்குப் போதும் என்கின்றன. நம் வீடுகளில் அரிசி அளக்கும் பால் டினும் ஏறக்குறைய அந்த அளவுதான். வாடகை வீட்டின் வாசற்படியும் கார் நிற்கும் இடமும் சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு டினைத் தாண்டாது. டின் இல்லாமல் சாக்கிலிருந்து நேராகக் கொட்டுகிறவருக்கு அளவு என்பதே கிடையாது.

பனி கொட்டிய காலை

எழுந்ததும் முதலில் உப்பைத் தொடாமல் வானிலை அறிக்கையைப் பாருங்கள். மதியம் 2 அல்லது 3 டிகிரி வரை ஏறும், வெயிலும் அடிக்கும் என்றால், பனியைத் தள்ளிவிட்டு மிச்சத்தை வெயிலிடம் விட்டுவிடலாம். கறுத்த தார்த்தரை வெயிலில் காற்றைவிட விரைவாகச் சூடேறும். நிழல் விழும் படிக்கட்டு மட்டும் அப்படியே உறைந்திருக்கும். காற்றின் வெப்பநிலையைக் காட்டிலும் தரையின் வெப்பநிலையே கணக்கு என்பதால், வாசலை ஒரே இடமாக நினைக்காமல் வெயில் படும் இடம், நிழல் இடம் என்று பிரித்துப் பாருங்கள்.

பிறகு மண்வாரியை எடுங்கள், அதுவும் சீக்கிரமாக. புதிதாக விழுந்த பனி பஞ்சு போலக் கிடக்கும். நாலு பேர் மிதித்து, ஒரு கார் ஏறி இறங்கிவிட்டால் அழுந்தி ஐஸாகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நள்ளிரவிலும் பனி கொட்டிக்கொண்டிருந்தால், படுக்கப் போகும் முன் ஒரு முறை, விடிந்ததும் ஒரு முறை என்று இரு தடவை தள்ளுவது, ஒரே தடவையில் ஓரடி உயரத்தைப் புரட்டுவதைவிட முதுகுக்கும் நல்லது. தூக்கி வீசாமல் தள்ளுங்கள். வயதானவர்களும் நெஞ்சு வலி உள்ளவர்களும் இந்த வேலையைச் செய்யவே கூடாது. தள்ளிய பனியை நடைபாதையின் மேட்டுப்பக்கம் குவித்தால், அது உருகிப் பாதையிலேயே வழிந்து இரவில் மீண்டும் உறையும். ஆகவே பள்ளப்பக்கத்துப் புல்வெளியில், கிணற்றுக்கும் ஓடைக்கும் தூரமாகக் குவியுங்கள்.

தள்ளி முடித்தபின் தரையைக் குனிந்து பாருங்கள். வெறும் ஈரமாக இருந்தாலோ, காய்ந்த பனித்தூள் மட்டும் இருந்தாலோ துடைப்பம் போதும். ஐஸ் ஒட்டியிருக்கும் இடங்களில் மட்டும், டினிலிருந்து கையில் எடுத்து, கோழிக்கு இரை தூவுவது போல மணிக்கட்டைச் சுழற்றித் தூவுங்கள். பரலுக்கும் பரலுக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். முதல் தடவை பார்க்கும்போது, இது போதவே போதாது என்று தோன்றும். அப்படித் தோன்றினால் அளவு சரி. ஐஸ் கட்டியின்மேல் நாலு பரல் செய்த வேலையை நினைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

கால் மணி நேரம் அல்லது அரை மணி நேரம் கழித்து வந்து சுரண்டியால் தள்ளினால், இளகிய ஐஸ் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். அதை ஒதுக்கிவிட்டால் இரவில் மறுபடி உறைவதற்கு அங்கே நீர் இருக்காது. இந்தக் கடைசித் தள்ளலைச் செய்யாதவர்கள்தாம் மறுநாள் காலை அதே இடத்தில் மறுபடியும் உப்புப் போடுகிறார்கள்.

தரை காய்ந்தபின் உப்புப் பரல்கள் காலில் நெறுநெறுத்தால், அவை ஐஸுக்கு வேலை செய்து முடித்தவை அல்ல, மிகையாகப் போட்டவை. துடைப்பத்தால் கூட்டி எடுத்து டினில் போட்டு அடுத்த பனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவைத்தால் அடுத்த மழையில் வடிகாலுக்குப் போகும். நாய்களின் பாதத்தில் ஏறிப் புண்ணாக்கும். சிட்டுக்குருவிகள் கல்லென்று நினைத்துக் கொத்தித் தின்னும்.

உறைமழை மட்டும் இதற்கு விலக்கு. நீராக விழுந்து தரையைத் தொட்டதும் கண்ணாடியாகும் அந்த மழையை மண்வாரியால் தள்ள முடியாது. அப்போது டினில் அளந்த உப்பும் மணலும்தான் துணை; முன்னதாகவே உப்புநீர் தெளித்து வைத்தாலும் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். மழையில்லாமல் பனி மட்டும் கொட்டும் என்று அறிவித்திருந்தால், முன்னதாகவே உப்புநீர் தெளித்து வைப்பது நல்லது. 1 லிட்டர் நீருக்கு 300 கிராம் உப்பு வீதம் கரைத்து, பூவாளியிலோ தோட்டத்துக்கு மருந்தடிக்கும் தெளிப்பானிலோ ஊற்றி, படிக்கட்டிலும் சரிவிலும் கோடு கோடாக மெல்லியதாகத் தெளித்துவிடுங்கள். ஐஸ் தரையைக் கவ்வும் முன்பே உப்புநீர் அங்கே இருப்பதால், பின்னால் போடும் உப்பைவிடக் குறைந்த உப்பே போதுமானதாகிறது. நெடுஞ்சாலைகளில் புயலுக்கு முன் லாரிகள் கோடு போட்டுக்கொண்டு போவதும் இதற்காகவே.

குளிர் கடுமையான நாள்களில்

மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே உப்புச் சாக்கைக் கட்டிவைத்துவிட்டு மணல் வாளியை எடுங்கள். மணல் ஒன்றையும் கரைக்காது, காலுக்குப் பிடிப்பு மட்டும் கொடுக்கும். அந்தக் குளிரில் அதுதான் வேண்டும். ஆனால் மணலும் குற்றமற்றதல்ல. வாரிக் கொட்டினால் வடிகாலை அடைத்து, ஓடையின் அடியில் படிந்து மீன் முட்டையிடும் கற்களை மூடிவிடும். அதையும் கூட்டி எடுத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும்.

சாக்கின் மேல் எழுதியிருப்பது

கடையில் பச்சை இலையும் நாய்க்குட்டியும் படம் போட்ட சாக்குகளைப் பார்ப்பீர்கள். படத்தை விட்டுவிட்டு, உள்ளே என்ன என்று எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள். மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் சாதாரண உப்பைவிடக் கூடுதல் குளிரில் வேலை செய்பவை; கால்சியம் குளோரைடு மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே உருக்கும். ஆனால் மூன்றிலும் உள்ளது குளோரைடுதான், ஓடைக்கு அது எந்தச் சாக்கிலிருந்து வந்தது என்பது தெரியாது. பீட்ரூட் சாறு கலந்தவை உப்பின் அளவைக் குறைக்க உதவினாலும், அந்தச் சாறு நீரில் மக்கும்போது உயிர்க்காற்றைத் தின்றுவிடும்.

சில சாக்குகளைப் பிரித்தால் நம் பிள்ளைகளுக்குப் பழகிய வாசனை வரும். அது யூரியா. வேறு சிலவற்றில் பொட்டாசியம் குளோரைடு, நாம் தோட்டத்தில் பொட்டாஷ் என்று தோளில் சுமந்த அதே சரக்கு. உரம்தானே, புல்லுக்கு நல்லதுதானே என்று அள்ளிப் போடாதீர்கள். இரண்டுமே மைனஸ் 7 டிகிரிக்கு மேல் குளிர் ஏறினால் சோர்ந்துவிடுபவை. யூரியா ஏரிக்குப் போனால் அங்கே பாசிக்குத்தான் உரமாகும். என்னைக் கேட்டால், விலை கூடிய சாக்கைத் தேடுவதைவிட, சாதாரண உப்பை வாங்கி டினில் அளந்து போடுவதே மேல்.

வீட்டுக்காரரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் பேசுவது

வாடகை வீட்டில் பனியை அள்ளும் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நடைபாதையை எத்தனை மணி நேரத்துக்குள் சுத்தம் செய்ய வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறுவதால் நகராட்சியிலும் விசாரியுங்கள். டொரோண்டோவில் 311 என்ற எண்ணை அழைத்தால் சொல்வார்கள்.

கட்டடங்களில் மிகையாக உப்புக் கொட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. யாராவது விழுந்து வழக்குப் போட்டால் அவர்களும் அல்லவா நீதிமன்றத்துக்கு இழுக்கப்படுவார்கள். வெள்ளையாகத் தெரியும் உப்புதான் அவர்களுக்குச் சாட்சி. ஒன்டாரியோவில் 2021 ஜனவரி முதல், பனியில் விழுந்தவர் 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால்தான் வழக்குத் தொடர முடியும் என்று சட்டம் மாறியிருப்பது அந்தப் பயத்தைச் சற்றே குறைத்திருக்கும். நான் கடைப்பிடித்த முறை இது: எந்த நாளில், எத்தனை மணிக்கு, எத்தனை டிகிரியில், எத்தனை டின் போட்டேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். வழக்கு வந்தால் அந்த நோட்டு, தரையில் கிடக்கும் உப்பைவிட நல்ல சாட்சி என்று என் மேலாளரே ஒப்புக்கொண்டார். பெரிய இடங்களுக்கு, ஒன்டாரியோவில் ஸ்மார்ட் அபௌட் சால்ட் என்ற அமைப்பு பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. ஒப்பந்தக்காரரை மாற்றும் நேரம் வரும்போது அந்தச் சான்றிதழ் உள்ளவரைக் கேட்டுப் பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் பணிவாகச் சொல்லலாம். மாணவர்களாகிய நீங்கள் சொன்னால் கேட்பார்களா என்றால், உப்பு வாங்கும் செலவு குறையும் என்பதை முதலில் சொன்னால் கேட்பார்கள்.

ஏப்ரலில்

கடைசிப் பனி உருகியதும் நடைபாதை ஓரத்துப் புல்லையும் செடிகளையும் பாருங்கள். ஓரம் மட்டும் பழுத்திருந்தால் உப்புப் பட்டிருக்கிறது என்று பொருள். மண் உறைவு விட்டபின் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி ஊறவிட்டால் வேர்ப்பகுதியிலுள்ள உப்பு கீழே இறங்கும். மண் இறுகிப்போயிருந்தால் ஜிப்சம் தூவி நீர் விடலாம், அதிலுள்ள கால்சியம் சோடியத்தை மண்ணிலிருந்து நகர்த்திவிடும். இறங்கிய உப்பு நிலத்தடி நீருக்குத்தான் போகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது செடியைக் காப்பாற்றும் வழி மட்டுமே.

மிஞ்சிய உப்பைக் குப்பையில் கொட்டாமல், மூடியுள்ள வாளியில் அடைத்து, மண்தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்து, ஈரம் படாத மூலையில் போட்டுவிடுங்கள். உப்பு கெட்டுப்போகும் பொருளல்ல. வாளியின் மூடியில் எத்தனை டின் மிச்சம் என்று எழுதி வையுங்கள். நவம்பரில் அடுத்த சாக்கு வாங்கப் போகும் முன் அந்த மூடியைப் பார்த்துவிட்டுப் போகலாம்.